தோத்தவன் ரீமேட்ச் அமுக்கணும்: வருஷக்கணக்கா நிக்குற ஃபைட்டிங் கேம் பண்றது எப்படி

யாராவது ஃபைட்டிங் கேம் பண்றேன்னு கொண்டுவந்து காட்டினா நான் முதல்ல கிராஃபிக்ஸ் பாக்கமாட்டேன், கேரக்டர் எத்தனைன்னும் கேக்கமாட்டேன். ரெண்டு பேரை உக்கார வெச்சு ஆட விட்டுட்டு, தோத்தவரோட கட்டைவிரல் எங்க போகுதுன்னு மட்டும் பாப்பேன். மேட்ச் முடிஞ்ச அடுத்த நொடி அது ரீமேட்ச் பட்டனுக்குப் போச்சுன்னா அந்த கேம்ல உயிர் இருக்கு. கன்ட்ரோலரை மடியில வெச்சுட்டு "ம்ம் நல்லாருக்கு"ன்னு சொன்னார்னா முடிஞ்சது கதை, மரியாதைக்கு சொல்றார்.

ஏன் ஜெயிச்சவரைப் பாக்கலன்னா, ஜெயிச்சவருக்கு எந்த கேமும் பிடிக்கும். ஒவ்வொரு மேட்ச்லயும் ஒருத்தர் தோத்தே ஆகணும், அதுவும் டீம் மேல பழி போட முடியாம தனி ஆளா தோக்கணும், அதான் இந்த வகை கேமோட சாபம். அதனால கீழ நான் சொல்ற எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல்தான்: இது தோத்தவரை திரும்ப உள்ள இழுக்குதா, வெளிய தள்ளுதா.

முதல் வேலை, ஆர்ட் பண்றதை நிறுத்துங்க. ரெண்டு பெட்டி போதும், ஒண்ணு சிவப்பு ஒண்ணு நீலம். நடக்கணும், குதிக்கணும், ஒரு சின்ன அடி, ஒரு பெரிய அடி, ஒரு த்ரோ, ஒரு ப்ளாக். அடியை ப்ளாக் தடுக்கும், ப்ளாக் பண்ணி உக்காந்திருக்கிறவரை த்ரோ தூக்கும், த்ரோ போட வர்றவரை அடி நிறுத்தும். கல், காகிதம், கத்தரி மாதிரிதான், ஆனா தூரமும் நேரமும் சேர்ந்த உடனே அது வெறும் அதிர்ஷ்டமா இல்லாம மனசைப் படிக்கிற விளையாட்டா மாறிடும். அந்த ரெண்டு பெட்டியை வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் நீங்களே சிரிச்சுக்கிட்டு ஆட முடியலன்னா பன்னெண்டு கேரக்டர் வரைஞ்சாலும் மாறாது. ஒரு சின்ன டீமுக்கு டெஸ்டிங் பண்ணிக் கொடுக்கப் போயிருந்தேன், ஒவ்வொரு கேரக்டரும் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம், அவ்ளோ அழகு, ஆனா நடக்கும்போது தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு, குதிச்சா எப்ப இறங்குவோம்னே தெரியல. ஒருத்தர்கூட மூணாவது மேட்ச் ஆடல. ரெண்டு வருஷ உழைப்பு.

இந்த "ஃபீல்"ங்கிறது மந்திரம் இல்ல, நம்பர்தான். பெரும்பாலான ஃபைட்டிங் கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம் (திரையில மாறி மாறி வர்ற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்), அதாவது ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 16.67 மில்லிசெகண்ட். கண்ணால பார்த்து கை அசைய மனுஷனுக்கு ஏறக்குறைய கால் செகண்ட், அதாவது 15 ஃப்ரேம் பக்கம் ஆகும். இதை நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா 5 ஃப்ரேம்ல வர்ற அடியை யாரும் பார்த்துத் தடுக்க முடியாது, யூகிச்சுதான் தடுக்கணும், 25 ஃப்ரேம்ல வர்றதை பார்த்தே தடுக்கலாம். எல்லா அடியும் யூகமா இருந்தா சூதாட்டம், எல்லாமே பார்த்துத் தடுக்கிற மாதிரி இருந்தா ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறதுங்கிறதுதான் உங்க கேமோட குணம்.

அப்புறம் ஹிட்ஸ்டாப். அடி பட்ட உடனே ரெண்டு கேரக்டரையும் ஒரு பத்து ஃப்ரேம் அளவுக்கு உறைய வைங்க, சின்ன அடிக்குக் கம்மியா, பெரிய அடிக்கு ஜாஸ்தியா. அவ்ளோதான், காத்துல கை வீசின மாதிரி இருந்தது சதையில பட்ட மாதிரி ஆயிடும். அடுத்த மூவை யோசிக்க அந்த இடைவெளில நேரமும் கிடைக்கும். பட்டனை கொஞ்சம் சீக்கிரம் அமுக்கிட்டா அதை மறந்துடாம சில ஃப்ரேம் ஞாபகம் வெச்சு முதல் வாய்ப்புல வெளிய விடுற பஃபரும் வேணும், இல்லன்னா "நான் அமுக்கினேன் வரல"ங்கிற புலம்பல் ஆரம்பிக்கும். அதே மாதிரி பட்டனுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல இருக்கிற தாமதம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 2016 பிப்ரவரில வந்தப்போ அது 8 ஃப்ரேம் பக்கம் இருக்குன்னு ஆளுங்க அளந்து கண்டுபிடிச்சு வருஷக்கணக்கா திட்டினாங்க. 8 ஃப்ரேம் என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா மேல சொன்ன 15-ஓட கூட்டிப் பாருங்க, பார்த்துத் தடுக்கலாம்னு நினைச்ச பாதி அடி யூகம் ஆயிடுச்சு.

இப்ப முக்கியமான இடம். தோத்தவருக்கு ஏன் தோத்தோம்னு தெரியணும். "குதிச்சேன், மேல குத்திட்டான், இனி குதிக்கக்கூடாது", இப்படி ஒரு வாக்கியத்துல சொல்ல முடியணும். அது முடிஞ்சா கோவம் தன் மேல வரும், தன் மேல வர்ற கோவம்தான் ரீமேட்ச் அமுக்க வைக்கும். என்ன நடந்துச்சுன்னே புரியலன்னா கோவம் கேம் மேல வரும், அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்க. அதுக்காக கேரக்டரோட நிழலை மட்டும் பார்த்தாலே என்ன மூவ்னு தெரியுற மாதிரி போஸ் வைங்க, ஆபத்தான மூவுக்கு தனி சத்தம் வைங்க, எஃபெக்ட்ஸ் வாணவேடிக்கையை குறைங்க. (சத்தத்தை நிறைய டீம் கடைசி வாரத்துல சேர்க்கிறாங்க, பெரிய தப்பு, நல்ல ப்ளேயர் பாதி கேமை காதாலதான் ஆடுறார்.) டெக்கன் 8-ல ரீப்ளே பாக்கும்போதே நடுவுல நிறுத்தி கன்ட்ரோலை நீங்க எடுத்துக்கிட்டு "இந்த இடத்துல வேற என்ன பண்ணியிருக்கலாம்"னு ஆடிப் பாக்கலாம், இப்படி ஒண்ணு செலவு புடிக்கும்தான், ஆனா பத்து டுடோரியலுக்கு சமம். அது முடியலன்னா குறைஞ்சபட்சம் ட்ரெய்னிங் மோட்ல எந்த அடிக்கு எத்தனை ஃப்ரேம்னு காட்டுற ஃப்ரேம் மீட்டரும், அடி எந்த இடம் வரைக்கும் படும்னு காட்டுற ஹிட்பாக்ஸ் ஆப்ஷனும் கொடுங்க, டெவலப்பர்கிட்ட எப்படியும் டீபக் வியூவா இருக்கிற சமாச்சாரம்தான், அதை ஒளிச்சு வெச்சு என்ன பண்ணப்போறீங்க.

கன்ட்ரோல் ஈசியா இருக்கணுமா கஷ்டமா இருக்கணுமாங்கிற சண்டை இருபது வருஷமா ஓயல. என் கருத்து, புதுசா வர்றவர் ஓடிப்போறது ஸ்டிக்கை கால்வட்டம் சுத்தி பட்டன் அமுக்க வராததால இல்ல, அதை நாலு நாள்ல கத்துக்கலாம். எப்ப என்ன பண்றதுன்னு தெரியாம திண்டாடுறதுதான் காரணம். ஆனா அந்த நாலு நாள்லயே பாதிப்பேர் போயிடுவாங்கங்கிறதும் உண்மை, அதனால வாசலை அகலமா வைங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 2023-ல வந்தப்போ மாடர்ன்னு ஒரு கன்ட்ரோல் வகை கொடுத்தாங்க, ஒரு பட்டன் ஒரு திசை, ஸ்பெஷல் அடி வந்துடும், ஆனா அப்படி ஷார்ட்கட்ல போட்டா டேமேஜ் 20 சதவீதம் குறையும். சுகத்துக்கு ஒரு விலை. பழைய ஆளுங்க முதல்ல கரிச்சுக் கொட்டினாங்க, இப்ப பெரிய டோர்னமெண்ட்லயே அதை வெச்சு ஆடுறவங்க இருக்காங்க. டைவ்கிக்னு 2013-ல ஒரு கேம் வந்துச்சு, மொத்தமே ரெண்டு பட்டன், ஒண்ணு குதிக்க ஒண்ணு உதைக்க, ஒரு அடி பட்டா ரவுண்டு காலி. ஃபைட்டிங் கேமோட சாரம் ரெண்டு பட்டன்லயே வந்துடும்னு அது காட்டிடுச்சு, ஆனா அதை யாரும் பத்து வருஷம் ஆடல, ஏன்னா தேட அதுக்குள்ள வேற ஒண்ணும் இல்ல.

அந்த "தேட" விஷயத்துக்கு வர்றேன். நீடிச்சு நிக்கிற கேம் எல்லாத்துலயும் அதைப் பண்ணவங்களுக்கே முழுசா தெரியாத ஒரு அறை இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 1991-ல வந்துச்சு, இன்னிக்கு காம்போ (எதிராளி தடுக்க முடியாம அடுத்தடுத்து விழுற அடி) இல்லாத ஃபைட்டிங் கேமை நினைச்சுப் பாக்கவே முடியல, ஆனா அதுல காம்போங்கிறது ப்ளான்லயே இல்ல. காரை உடைக்கிற போனஸ் ஸ்டேஜை பக் இருக்கான்னு பார்த்துட்டு இருந்தப்போ ஒரு அடிக்கு அப்புறம் இன்னொரு அடி தொடர்ந்து விழுறதை டீம்ல இருந்த நொரிதகா ஃபுனாமிசு கவனிச்சார், டைமிங் ரொம்ப கஷ்டம், யாருக்கு வரப்போகுது, ரகசியமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க. அவங்க அன்னிக்கு அதை பக்னு சொல்லி அடைச்சிருந்தா? சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ 2001 கேம், குதிச்ச உடனே தரையைப் பார்த்து ஏர் டாட்ஜ் (காத்துல இருந்தபடியே அடிக்கு விலகுறது) பண்ணா வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னு கண்டுபிடிச்சு அதுக்கு வேவ்டேஷ்னு பேர் வெச்சாங்க, அதுக்கு மேல ஒரு உலகத்தையே கட்டிட்டாங்க, இன்னமும் பழைய டப்பா டிவி தேடி வாங்கி ஆடுறாங்க. அதனால விசித்திரமா ஏதாவது ஒண்ணை ப்ளேயர் கண்டுபிடிச்சா அன்னிக்கே பாட்ச் (கேமை மாத்துற அப்டேட்) போட்டு அடைக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க: எதிராளியால இதுக்கு பதில் சொல்ல முடியுதா, இதைப் பண்ண திறமை வேணுமா, இது வந்ததால ஆட்டம் விரிஞ்சுச்சா இல்ல எல்லாரும் இதையே பண்ற அளவுக்கு சுருங்கிடுச்சா. கேமை ஃப்ரீஸ் பண்ற பக், முடிவே இல்லாத காம்போ, இதெல்லாம் தாராளமா அடைங்க. மத்ததை மூணு மாசம் விட்டுப் பாருங்க.

பேலன்ஸைப் பத்தி, அதாவது கேரக்டருங்களோட பலம் சமமா இருக்கிறதைப் பத்தி, புது டெவலப்பருங்க தேவைக்கு மேல பயப்படுறாங்கன்னு நினைக்கிறேன். மார்வல் வெர்சஸ் கேப்காம் 2-ல 56 கேரக்டர், சீரியஸா ஆடுறவங்க கைல மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள்னு ஒரு சின்ன கூட்டம்தான் சுத்தி சுத்தி வரும். பேப்பர்ல பார்த்தா படுதோல்வி. ஆனா 2000-ல வந்த அந்த கேமை பத்து வருஷம் கழிச்சும் பெரிய மேடைல ஆடினாங்க, ஏன்னா அந்த நாலு பேருக்குள்ள நடக்கிற ஆட்டம் அவ்ளோ ஆழம். பலமான கேரக்டர் பிரச்சினை இல்ல, சலிப்பூட்டுற பலமான கேரக்டர்தான் பிரச்சினை. டெக்கன் 7-ல 2019 டிசம்பர்ல லீராய் ஸ்மித்னு ஒரு கேரக்டரை இறக்கினாங்க, அடுத்த மாசம் நடந்த ஈவோ ஜப்பான்ல (ஈவோங்கிறது ஃபைட்டிங் கேமுக்கான பெரிய டோர்னமெண்ட்) கடைசி எட்டு பேர்ல பெரும்பாலானவங்க லீராய். ஈவோ 2018 ஸ்மாஷ் ஃபைனல்ல ரெண்டு பக்கமும் பேயொனெட்டாங்கிற ஒரே கேரக்டர், கூட்டம் கைதட்டல, ஊளையிட்டாங்க. அந்த ஊளையைத்தான் டெவலப்பர் காது கொடுத்துக் கேக்கணும், எந்த கேரக்டர் பலம்னு வரிசைப்படுத்துற டயர் லிஸ்ட்டை இல்ல.

பாட்ச் எப்ப போடுறதுன்னா, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பெரிசு, நடுவுல பக் சரி பண்ற சின்னது, அது போதும். ஒருத்தர் ஆறு மாசம் உக்காந்து ஒரு கேரக்டரை கைக்குப் பழக்கியிருக்கார், நீங்க ஒரு ராத்திரில அதை மாத்தினா அவரோட ஆறு மாசத்தைப் பிடுங்கிட்டீங்கன்னு அர்த்தம். பலத்தைக் குறைக்கணும்னா டேமேஜைத் தொடுங்க, கைப்பழக்கத்தைத் தொடாதீங்க. டெக்கன் 8 2025 ஏப்ரல்ல ரெண்டாவது சீசன் பாட்ச் வந்தப்போ ப்ளேயருங்க கொதிச்சு எழுந்து கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல நெகட்டிவ் ரிவ்யூவா கொட்டினாங்க, ஏன்னா ஏற்கனவே தாக்குற பக்கம் ஓவரா இருக்குன்னு புலம்பிட்டு இருந்தவங்களுக்கு அதையே இன்னும் ஏத்திக் கொடுத்தாச்சு.

அடுத்து நெட்கோட், அதாவது ஆன்லைன்ல ரெண்டு மெஷினையும் ஒண்ணா ஓட வைக்கிற கோட், இதுல கஞ்சத்தனம் பண்ணா மேல சொன்ன எதுவும் உங்களைக் காப்பாத்தாது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். பழைய முறைக்கு டிலேன்னு பேர், எதிராளி அமுக்கின பட்டன் வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் காத்திருக்கும். நெட் ஆடினா கேமும் ஆடும், பழகி வெச்ச காம்போ எல்லாம் கைநழுவும். ரோல்பேக்ல அப்படி இல்ல, எதிராளியோட பட்டன் இன்னும் வரலையா, போன ஃப்ரேம்ல என்ன பிடிச்சிருந்தாரோ அதையேதான் இப்பவும் பிடிச்சிருக்கார்னு எடுத்துக்கிட்டு கேம் ஓடிட்டே இருக்கும், உண்மையான பட்டன் வந்ததும் யூகம் சரின்னா ஒண்ணும் பண்ணவேண்டாம், தப்புன்னா அந்த ஃப்ரேமுக்குத் திரும்பிப் போய் சரியான பட்டனோட அத்தனை ஃப்ரேமையும் ஒரே மூச்சுல திரும்ப ஓட்டி இப்ப இருக்கிற இடத்துக்கு வந்துடும். மனுஷன் ஒரு செகண்ட்ல அப்படி ஒண்ணும் நிறைய பட்டன் மாத்த மாட்டான், அதனால யூகம் பெரும்பாலும் பலிக்கும்.

இதை ஈவோவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டோனி கேனன் 2006 வாக்குல ஜிஜிபிஓன்னு ஒரு லைப்ரரியா எழுதினார், 2019-ல ஓப்பன் சோர்ஸ் ஆக்கி விட்டுட்டார், இலவசம், எடுத்துக்கலாம். இது எவ்ளோ முக்கியம்னு 2020-ல எல்லாரும் வீட்டுக்குள்ள மாட்டினப்போதான் தெரிஞ்சது. க்ரான்ப்ளூ ஃபேண்டஸி வெர்சஸ் சரியா அந்த நேரத்துல டிலே நெட்கோடோட வந்துச்சு, பார்க்க ராஜா மாதிரி இருந்தும் ஆன்லைன்ல ஆள் கரைஞ்சு போச்சு, பின்னாடி 2023-ல ரைசிங்னு ரோல்பேக்கோட திரும்பவும் செஞ்சு கொண்டுவர வேண்டியதாச்சு. அதே 2020-ல கில்டி கியர் எக்ஸ்எக்ஸ் ஆக்சென்ட் கோர் ப்ளஸ் ஆர்ங்கிற பழைய கேமுக்கு ரோல்பேக் சேர்த்தாங்க, தூங்கிட்டு இருந்த கேம் எழுந்து உக்காந்துச்சு. மெலீக்கு அந்த வருஷம் ஜூன்ல ஸ்லிப்பின்னு ரசிகரே ரோல்பேக் எழுதி விட்டார், 19 வருஷ பழைய கேமுக்கு, இத்தனைக்கும் அதுல ஆன்லைனே கிடையாது.

ஆனா ரோல்பேக்கை கடைசில ஒட்டவைக்க முடியாது, ஒட்டினா வலிக்கும். முதல் நாளே இதுக்குத் தகுந்த மாதிரி எழுதுங்க. ஒரே பட்டன் வரிசையைக் கொடுத்தா ரெண்டு மெஷின்லயும் அச்சு அசலா ஒரே ரிசல்ட் வரணும், அதனால தசம கணக்குக்கு ஃப்ளோட் நம்பி உக்காராம முழு எண்ணுல கணக்குப் போடுங்க, எஞ்சினோட ரெடிமேட் ஃபிசிக்ஸை கிட்ட சேர்க்காதீங்க, ரேண்டம் வேணும்னா அதோட சீடும் (ரேண்டம் எண்ணெல்லாம் எதுலேர்ந்து பிறக்குதோ அந்த ஆரம்ப எண்) கேம் ஸ்டேட்டுக்குள்ள (அந்த நொடில கேம் இருக்கிற முழு நிலை) இருக்கணும். கேம் லாஜிக் தனி, வரையுறது தனி. ஸ்டேட் முழுசையும் ஒரு ஃப்ரேம்ல சேவ் பண்ணி லோட் பண்ண வரணும், ஏழெட்டு ஃப்ரேமை அந்த 16.67 மில்லிசெகண்டுக்குள்ளயே திரும்ப ஓட்ட வரணும். சரியா இருக்கான்னு பாக்க நெட்டே வேண்டாம், உங்க மெஷின்லயே ஒவ்வொரு ஃப்ரேமும் பின்னாடி போய் திரும்ப ஓட்டி செக்சம் (ஸ்டேட்டைச் சுருக்கின சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒரு நாள் ஒத்துப்போகலன்னா அன்னிக்கே பிடிச்சுடலாம். ரெண்டு வருஷம் கழிச்சுப் பிடிச்சா அழுகைதான் வரும்.

தனியா ஆடுறவங்களை மறக்காதீங்க. வாங்குறவங்கள்ல நிறைய பேர் ஆன்லைன்ல தரவரிசைக்காக ஆடுற ரேங்க்ட் பக்கமே வரமாட்டாங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 கம்ப்யூட்டரை எதிர்த்து ஒவ்வொருத்தரா ஜெயிச்சுப் போற ஆர்கேட் மோடே இல்லாம இறங்கிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 2018 ஜனவரிலதான் சேர்த்தாங்க, 2016 மார்ச்சுக்குள்ள 20 லட்சம் காப்பி போகும்னு நினைச்சது 14 லட்சத்துல நின்னுச்சு. மோர்ட்டல் கோம்பாட்காரங்க 2011-லேர்ந்து கதை மோடை சினிமா மாதிரி செஞ்சு அந்தக் கூட்டத்தைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. சின்ன டீமுக்கு கதை மோட் வேண்டாம், ஆனா ஆர்கேட் மோடும், கொஞ்சமாவது மனுஷன் மாதிரி ஆடுற ஏஐயும் வேணும்.

பாக்கிறவங்களுக்கும் புரியணும். 2004 ஈவோல டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங் மேட்ச்சை கேமே ஆடத் தெரியாதவங்க இன்னமும் போட்டுப் பாக்கிறாங்க. டைகோ ஆடுற கென்னோட ரத்தக் கோடு கண்ணுக்கே தெரியாத அளவு, தடுத்தாலும் சில்லறை டேமேஜ்ல செத்துடுவார், ஜஸ்டின் ஆடுற சுன் லீ தன்னோட பெரிய தாக்குதலான சூப்பரை விடுறா, 15 அடி, அத்தனையையும் டைகோ ஒண்ணு விடாம பேரி பண்ணி (சரியான நொடில தட்டிவிட்டு, டேமேஜே இல்லாம) திருப்பி அடிச்சு ரவுண்டை முடிக்கிறார். அதுல விளக்கிச் சொல்ல என்ன இருக்கு, ரெண்டு கோடு மேல இருக்கு, ஒண்ணு காலியா இருக்கு, காலியா இருந்தவன் ஜெயிக்கிறான். உங்க ஸ்க்ரீன்ல மீட்டர் மேல மீட்டர் அடுக்கும்போது இதை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க.

கடைசியா ஆளுங்க விஷயம். இன்னிக்கு ஈவோன்னு சொல்றது 1996-ல பேட்டில் பை தி பேன்னு கலிஃபோர்னியால ஒரு சின்ன கூட்டமா ஆரம்பிச்சது, ஸ்ட்ரீட் ஃபைட்டர் பண்ற கேப்காம் கம்பெனி நடத்தல, ஆடுறவங்களே நடத்தினாங்க. 2013-ல மெலீயை ஈவோல சேர்க்க ரசிகருங்க புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 94,000 டாலருக்கு மேல நன்கொடை திரட்டி இடம் பிடிச்சாங்க, அதுக்கப்புறம் நின்டெண்டோ ஸ்ட்ரீம் பண்ணக்கூடாதுன்னு சொல்லி, வந்த எதிர்ப்புல அன்னிக்கே பின்வாங்கிச்சு. உங்க கேமுக்கு ஒருத்தர் டோர்னமெண்ட் வைக்கணும்னா உங்களுக்கு மெயில் போட்டு அனுமதி கேட்டு நிக்க வேண்டிய நிலை வரக்கூடாது, "இத்தனை பேர் வரைக்கும், இவ்ளோ பரிசு வரைக்கும் தாராளமா நடத்துங்க"ன்னு ஒரு பக்கத்துல எழுதிப் போட்டுடுங்க. டோர்னமெண்ட்ல எல்லா மெஷின்லயும் எல்லா கேரக்டரும் திறந்திருக்கிற மாதிரி ஒரு ஆப்ஷனும் வைங்க, டிஎல்சி (தனியா காசு கொடுத்து வாங்குற கூடுதல் கேரக்டர்) வாங்காத மெஷின் ஒண்ணு மாட்டி மேட்ச் அரை மணி நேரம் நின்னதை நேர்ல பார்த்து தலையில அடிச்சிருக்கேன்.

அப்புறம் சர்வரை நீங்க ஒரு நாள் அணைப்பீங்க, எல்லாரும் அணைக்கிறாங்க. மல்டிவெர்சஸ்னு ஒரு கேம் 2024 மே மாசம் முழுசா ரிலீஸ் ஆகி 2025 மே 30-ல ஆன்லைன் மூடிட்டாங்க, ஆஃப்லைன்ல ஆட மட்டும் வழி விட்டாங்க. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98-ஐ அணைக்க யாராலயும் முடியல, சர்வர்னு ஒண்ணே அதுல கிடையாது, பழைய கேமை ஆன்லைன்ல ஆட வைக்கிற ஃபைட்கேட்ல இன்னிக்கும் ராத்திரி எந்நேரம் போனாலும் ஆள் உக்காந்திருக்கு. அதனால நெட் இல்லாம ஒரே மெஷின்ல ரெண்டு பேர் ஆடுற மோட், லேன், நேரா ஐபி அடிச்சு சேர்ற வசதி, ட்ரெய்னிங் மோட், இந்த நாலும் லாகின் கேக்காம ஓடணும். பழைய பாட்ச் வெர்ஷனையும் ஸ்டீம்ல வேற வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கிற பீட்டா டேப்ல விட்டு வைங்க, பத்து வருஷம் கழிச்சு யாராவது ரெண்டு பேர் "அந்த 1.2 வெர்ஷன்தான்டா கேமு"ன்னு சொல்லிக்கிட்டு அதைத் தேடி வருவாங்க.